அமெரிக்காவில் சின்ன கிறிஸ்தவப் பல்கலை: பட்டம் முடிப்போர் 48%, ஊதியம் 41,000 டாலர். இந்த எண்களை எப்படி எடுத்துக்கொள்வது?

தாம்பரம்_கிழக்கு கேட்டது:

மகளுக்கு இரண்டு இடம் கையில் இருக்கிறது. ஒன்று, சென்னையிலேயே சிறுபான்மையினர் நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம்., ஷிஃப்ட் 2, சுயநிதிப் பிரிவு. இன்னொன்று, அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு திருச்சபை நடத்தும் சின்னப் பல்கலையில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன். அங்கே முதல் வருஷத்தில் சேருவதே 64 பேர்தான். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 34,000 டாலர், அதில் 18,000 டாலர் ஸ்காலர்ஷிப் என்று கடிதம் வந்திருக்கிறது.

கன்சல்டன்சியில் காலேஜ் நேவிகேட்டர், காலேஜ் ஸ்கோர்கார்டு (இரண்டும் அமெரிக்கக் கல்வித் துறையின் தளங்கள்) பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தார்கள். முதலாவதில் பட்டம் முடிப்போர் 48%, இரண்டாவதில் இடைநிலை ஊதியம் 41,000 டாலர். "பாதிப் பேர்கூட முடிக்கவில்லையே?" என்றால், "அதை விடுங்க மேடம், சம்பளத்தைப் பாருங்க. நம்ம காசுக்கு 35 லட்சம். இங்கே பி.காம் படிச்சா மூணு லட்சம்" என்கிறார்கள். அந்த மூன்று லட்சம் என்ஐஆர்எஃப் (இந்திய அரசின் கல்லூரித் தரவரிசை) அறிக்கையில் இருக்கிறதாம்.

48% என்றால் மீதிப் பேர் ஃபெயிலா? 41,000 என்பது மகளுக்குக் கிடைக்கக்கூடிய சம்பளமா? 35 லட்சத்தையும் 3 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பகுதி_தொகுதி எழுதியது:

48% தேர்ச்சி விகிதம் இல்லை. செமஸ்டர் ரிசல்ட் மாதிரி படித்தால் தப்பாகிவிடும்.

1990-இல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம் இந்த எண்ணைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பின்னத்தின் பகுதியில் வருபவர்கள்: ஆகஸ்ட், செப்டம்பர் சேர்க்கையில், முதல் முறையாகக் கல்லூரிக்கு வந்து, முழுநேரமாகச் சேர்ந்தவர்கள் மட்டும். தொகுதியில் வருபவர்கள்: அவர்களில் அதே கல்லூரியில் 6 ஆண்டுக்குள் பட்டம் வாங்கியவர்கள். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஒன்றரை மடங்கு காலம் கொடுப்பதால் 6.

ஆகவே, இரண்டாம் ஆண்டில் மாநிலப் பல்கலைக்கு மாறிப்போய் அங்கே நல்லபடியாகப் பட்டம் வாங்கியவரும் இங்கே "முடிக்காதவர்"தான். வேறு கல்லூரியிலிருந்து இங்கே மாறி வந்து முடித்தவர் கணக்கிலேயே இல்லை. ஜனவரியில் சேர்ந்தவரும் இல்லை. பகுதியிலிருந்து கழிக்க அனுமதி உள்ளவர்கள் சிலர் உண்டு: இறந்தவர்கள், நிரந்தர ஊனமுற்றவர்கள், ராணுவத்துக்கோ அரசின் வெளிநாட்டு உதவிப் பணிக்கோ போனவர்கள், திருச்சபையின் அதிகாரபூர்வ ஊழியத்துக்குப் போனவர்கள். அந்தக் கடைசி வகை பெரும்பாலும் சமயக் கல்லூரிகளில்தான் பெரிய எண்ணாக இருக்கும்.

சின்ன சமயக் கல்லூரிகளில் இன்னொரு விஷயம் விளையாட்டு. அணிகளில் ஆட வருகிறவர்களை வைத்துத்தான் பல இடங்களில் முதலாண்டு வகுப்பே நிரம்புகிறது. ஆட இடம் கிடைக்காதவர்கள் அடுத்த வருஷம் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். அது 48-க்குள் ஓட்டையாகத் தெரியும். காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டால் அணிவாரியாக எத்தனை பேர் என்ற பட்டியலே இருக்கிறது. மொத்த மாணவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, 64 பேர் என்பது ரொம்பச் சின்னக் கூட்டம். 48% என்றால் 31 பேர். ஒரு ஆள் கூடினால் குறைந்தால் 1.6 புள்ளி மாறும். தற்செயல் ஏற்ற இறக்கமே இந்த அளவுக் கூட்டத்தில் இரு பக்கமும் 12 புள்ளி. இந்த வருஷம் 48, அடுத்த வருஷம் 57 என்று வந்தால் கல்லூரி திருந்திவிட்டது என்றும் அர்த்தமில்லை, 39 வந்தால் கெட்டுப்போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. மூன்று வருஷத்தைச் சேர்த்து, ஏறக்குறைய 190 பேருக்குக் கணக்குப் போடுங்கள். அப்போது இரு பக்கமும் 7 புள்ளிக்கு இறங்கும். அப்போதும் 50-ஐ ஒட்டியே நின்றால் அது உண்மையான 50.

பார்க்க வேண்டிய இடம்: காலேஜ் நேவிகேட்டரில் "ரிடென்ஷன் அண்ட் கிராஜுவேஷன் ரேட்ஸ்" என்ற தலைப்பைத் திறங்கள். அதில் முதல் வருஷம் முடிந்து திரும்பி வந்தவர்களின் விகிதம், 4 வருஷத்தில் முடித்தோர், 6 வருஷத்தில் முடித்தோர், வேறு கல்லூரிக்கு மாறினோர் (எல்லாக் கல்லூரியும் தராது), கீழே இனவாரிப் பட்டை. அந்தப் பட்டையில் "யு.எஸ். நான்ரெசிடென்ட்" என்று ஒரு வரி இருக்கும். உங்கள் மகள் அந்த வரியில்தான் வருவாள். அதற்கு அடுத்துள்ள "அவுட்கம் மெஷர்ஸ்" தலைப்பில் மாறி வந்தவர்களையும் பகுதிநேர மாணவர்களையும் சேர்த்து 8 ஆண்டு வரைக்கும் கணக்கிட்டிருப்பார்கள். வேறு இடத்தில் படிப்பைத் தொடர்ந்தவர்களின் விகிதமும் அங்கே தனியாகக் கிடைக்கும்.

6 வருஷ எண்ணைவிட உங்களுக்கு 4 வருஷ எண்தான் முக்கியம். ஏன் என்பதைக் கட்டணம் பற்றிப் பேசுபவர்கள் சொல்வார்கள்.

---

ஊதியப்பட்டியல் எழுதியது:

41,000 பற்றி. இந்த எண்ணில் உங்கள் மகள் மாதிரி ஒருவர்கூட இல்லை.

ஸ்கோர்கார்டில் ஊதிய எண் 2015-இல் வந்தது. கல்லூரி அளவில் அது காட்டும் ஊதியம், அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடனோ உதவித்தொகையோ வாங்கிய மாணவர்களுடையது மட்டும். அந்த உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்கள் போன்றோருக்கும்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகும் பிள்ளைக்குக் கிடையாது. பட்டம் முடிப்போர் விகிதத்தில் வெளிநாட்டு மாணவர் உண்டு, ஊதியத்தில் இல்லை. சேர்த்து அச்செடுத்துத் தந்திருக்கிற இரண்டு எண்ணுக்கும் ஆள்களே வேறு.

அடுத்து, காலம். அது சேர்ந்து 10 ஆண்டு கழித்து வாங்கும் சம்பளம். முடித்து 10 ஆண்டு என்று கன்சல்டன்சிக்காரர்கள் சொன்னால் தப்பு, முதல் வேலைச் சம்பளம் என்று சொன்னால் அதைவிடத் தப்பு. நாலு வருஷத்தில் முடித்தவருக்கு அது ஆறு வருஷ அனுபவத்துக்கான சம்பளம்.

மூன்றாவது, பாதியில் நின்றவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். 48% முடிக்கும் கல்லூரியில் அந்த 41,000 யாருடைய சம்பளம் என்று யோசியுங்கள். பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் எடுத்தால் மேலே போகும். எவ்வளவு என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. வேலையில்லாதவர்களும், அந்த நேரத்தில் மேற்படிப்பில் இருப்பவர்களும் கணக்கில் இல்லை.

பாடவாரியாகத் தனி எண் உண்டு. அது முடித்தவர்களுக்கு மட்டும். ஆனால் இரண்டு வருஷக் கூட்டத்தைச் சேர்த்தும் ஆள் போதவில்லை என்றால் தனிமனிதத் தகவல் வெளியாகும் என்று மறைத்துவிடுவார்கள். 64 பேர் சேரும் இடத்தில் பிசினஸுக்கு எண் இருந்தால் ஆச்சரியம்தான். வெற்றிடத்தைப் பார்த்துக் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஹில்ஸ்டேல், குரோவ் சிட்டி மாதிரிக் கல்லூரிகளுக்கு ஊதிய எண் கிடைக்காததற்குக் காரணம் வேறு: அரசுப் பணமே வேண்டாம் என்று கொள்கையாக விட்டவை அவை. குரோவ் சிட்டி இதற்காக உச்ச நீதிமன்றம்வரை போய் 1984-இல் தீர்ப்பு வந்தது.

ஆக, 41,000-ஐ 35 லட்சமாக்கி மடியில் கட்டிக்கொள்ளாதீர்கள்.

---

அரியர்_அட்டவணை எழுதியது:

இங்கத்திய மூணு லட்சத்துக்கு வரேன். அதுவும் முழு எண் இல்லைங்க.

என்ஐஆர்எஃப் தளத்துல கல்லூரி பேருக்குப் பக்கத்துல, கல்லூரி கொடுத்த தரவு பிடிஎஃப்-ஆ இருக்கும். கல்லூரியோட சொந்தத் தளத்துலயும் போட்டிருப்பாங்க. அதுல "பிளேஸ்மென்ட் அண்ட் ஹையர் ஸ்டடீஸ்" அட்டவணையில "யூஜி 3 இயர்ஸ்"னு போட்டதைப் பாருங்க. ஒரு வரிசையில இடமிருந்து வலமா: எந்த ஆண்டு சேர்க்கை, அனுமதிச்ச இடம், சேர்ந்தவங்க, நேரடி இரண்டாமாண்டு சேர்க்கை, எந்த ஆண்டு முடிச்சாங்க, குறிப்பிட்ட குறைந்தபட்ச காலத்துல முடிச்சவங்க, வேலை கிடைச்சவங்க, வேலை கிடைச்சவங்களோட இடைநிலைச் சம்பளம் (எண்ணாலயும் எழுத்தாலயும்), மேற்படிப்புக்குப் போனவங்க. மூணு வருஷத்துக்கு மூணு வரிசை.

கற்பனையா ஒரு வரிசை போட்டுக் காட்டறேன். சேர்ந்தது 1,200. மூணே வருஷத்துல முடிச்சது 980. வேலை 310. இடைநிலை 3,00,000. மேற்படிப்பு 420.

இப்ப, 1,200-ல 980 கழிச்சா 220. இது அரியர் வச்சவங்களும் பாதியில நின்னவங்களும் சேர்ந்தது. ஒரு பேப்பர் அரியர், அடுத்த நவம்பர்ல எழுதி பாஸ்னாலும் இந்தக் கணக்குல வர மாட்டாங்க. அமெரிக்காவுல ஆறு வருஷம் டைம் கொடுத்து எண்றாங்க, இங்க மூணு வருஷம் முடிஞ்ச அன்னைக்கே கோடு கிழிச்சிடறாங்க. அதனால இங்கத்திய 82 சதவீதத்தை அங்கத்திய 48-ஓட நேரா வைக்கக் கூடாது. இங்கத்திய கோடு இன்னும் கடுமை, அப்படியும் எண் பெருசா வருது. ஒரு காரணம், இங்க கல்லூரி மாறுற வழக்கம் ரொம்பக் குறைவு.

980-ல 310-ம் 420-ம் கழிச்சா 250 பேர். வேலையிலயும் இல்லை, மேற்படிப்புலயும் இல்லை. பி.காம்ல இந்த இடத்துலதான் சி.ஏ. படிக்கிற பசங்க பெரும்பாலும் காணாமப் போவாங்க. ஆர்ட்டிகிள்ஷிப்பை (சி.ஏ. பயிற்சிக் காலம்) வேலைன்னும் போட மாட்டாங்க, எம்.காம் மாதிரி மேற்படிப்புன்னும் போட மாட்டாங்க. பின்னாடி நல்லா சம்பாதிக்கப் போற கூட்டமே கணக்குக்கு வெளியில நிக்குது.

கடைசியா அந்த 3 லட்சம். அது 310 பேரோட நடுச் சம்பளம், அதாவது சேர்ந்த 1,200-ல நாலுல ஒரு பங்கு. முதல் வேலைக்கான ஆண்டுத் தொகை, கல்லூரியே சொன்னது. எய்டட், சுயநிதி, பி.காம், பி.சி.ஏ., விஸ்காம், சோஷியல் வொர்க் எல்லாத்துக்கும் ஒரே எண். உங்க பொண்ணு சேரப் போறது ஷிஃப்ட் 2 பி.காம். அதுக்குத் தனியா என்னன்னு பிளேஸ்மென்ட் ஆபீஸ்லதான் கேக்கணும். எந்தக் கம்பெனி வந்துச்சுன்னு கேக்காதீங்க, லோகோவைக் காட்டி அனுப்பிடுவாங்க. போன வருஷம் இந்தப் பிரிவுல எத்தனை பேர் பதிவு பண்ணாங்க, எத்தனை பேருக்கு ஆஃபர் லெட்டர் வந்துச்சு, ஒருத்தருக்கே ரெண்டு ஆஃபர் வந்தா ஒண்ணா எண்ணுவீங்களா ரெண்டான்னு கேளுங்க.

அங்க, முடிச்சவங்க முடிக்காதவங்க எல்லாம் சேர்த்து, சேர்ந்து 10 வருஷம் கழிச்சு. இங்க, வேலை கிடைச்சவங்க மட்டும், முதல் நாள். ஒரே தராசுல நிக்காதுங்க.

---

மந்தைவெளி_மார்கழி எழுதியது:

எல்லோரும் ஊதியத்தையே பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். சபை நடத்தும் பல்கலை பலவும் போதகர், பள்ளி ஆசிரியர், சமூகப் பணியாளர் உருவாக்குவதற்காகத் தொடங்கப்பட்டவை. சம்பளம் குறைவான வேலைக்கு மாணவர்களை வேண்டுமென்றே தயார்செய்யும் இடத்தின் இடைநிலை ஊதியம் குறைவாக இருப்பது அதன் தோல்வி அல்ல. நர்சிங் வைத்திருக்கும் பக்கத்துக் கல்லூரிக்கு எண் மேலே இருக்கும், அவ்வளவுதான்.

காலேஜ் நேவிகேட்டரில் "புரோகிராம்ஸ் / மேஜர்ஸ்" தலைப்பில் போன வருஷம் எந்தப் பாடத்தில் எத்தனை பட்டம் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாக இருக்கும். வேதாகமம், இறையியல், கல்வியியல் எவ்வளவு, பிசினஸ் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். பிசினஸில் வருஷத்துக்கு நாலைந்து பட்டம்தான் என்றால், 41,000 பிசினஸைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. அந்தத் துறையில் முழுநேரப் பேராசிரியர்கள் எத்தனை பேர் என்பதுதான் அப்போது கேள்வி.

---

தாம்பரம்_கிழக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன இடங்களில் பார்த்தேன். பிசினஸுக்கு ஊதியக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. பட்டங்களில் பாதிக்கு மேல் கல்வியியலும் வேதாகமமும், பிசினஸ் 9. வெளிநாட்டு மாணவர் வரியில் 6 வருஷ எண் 80%! நாலு வருஷத்தில் முடித்தவர்கள் மொத்தத்தில் 33%தான். இந்த 80-ஐ நம்பலாமா? ஐ-20 (மாணவர் விசாவுக்குப் பல்கலை தரும் படிவம்) அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள்.

---

பகுதி_தொகுதி எழுதியது:

80% எத்தனை பேரில்? சதவீதத்துக்குப் பின்னால் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். ஐபெட்ஸ் (அமெரிக்க அரசின் கல்லூரித் தரவுத்தளம்) தரவிறக்கத்தில் கிடைக்கும். கல்லூரி "காமன் டேட்டா செட்" வெளியிட்டிருந்தால் அதன் பி பகுதியில் மொத்த மாணவருக்கான பட்டக் கணக்கு ஆள் எண்ணிக்கையில் இருக்கும். 64 பேர் சேரும் இடத்தில் 80% என்பது பெரும்பாலும் 5-இல் 4. அந்த ஒரு ஆளும் முடித்திருந்தால் 100, இன்னொருவர் மாறியிருந்தால் 60. அதை எண்ணாகவே எடுக்க வேண்டாம்.

33-க்கும் 48-க்கும் நடுவில் உள்ள 15 புள்ளி இருக்கிறதே, அதுதான் உங்கள் பணம். முடித்தவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவானவர்கள் ஐந்தாவது, ஆறாவது வருஷத்துக்குப் போயிருக்கிறார்கள்.

---

கிரெடிட்_கணக்கு எழுதியது:

அது ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன்.

பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட். எஃப்-1 விசாவுக்கு முழுநேரம் என்றால் பருவத்துக்குக் குறைந்தது 12. பிள்ளைகள் "12 எடுத்தால் போதும், முழுநேரம்தான்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். 8 பருவம் × 12 = 96. இன்னும் 24 பாக்கி, அதாவது இரண்டு பருவம், ஒரு முழு வருஷம். 120 வேண்டும் என்றால் பருவத்துக்கு 15 எடுக்க வேண்டும். முதல் வாரத்திலேயே இதைப் பிள்ளைக்கு மண்டையில் ஏற்றிவிடுங்கள்.

சமயப் பல்கலையில் இதற்கு மேல் இரண்டு சிக்கல். வேதாகமம், இறையியல் பாடங்கள் எல்லாத் துறைக்கும் கட்டாயமாக இருக்கும், அவை அந்த 120-க்குள்ளேயே இடம்பிடிக்கும். அதனால் துறைப் பாடத்தில் ஒன்று தவறினால் ஈடுகட்ட விருப்பப் பாட இடம் மிச்சமிருக்காது. பின்னால் வேறு பல்கலைக்கு மாறினால் அந்த வேதாகமக் கிரெடிட்டுகளை விருப்பப் பாடமாகத்தான் ஏற்பார்கள், ஏற்காமலும் போகலாம். சேப்பல் (வழிபாட்டுக் கூட்டம்) வருகையும் சில இடங்களில் பட்டத்துக்கு நிபந்தனை. மாணவர் கையேட்டில் பருவத்துக்கு எத்தனை வருகை, குறைந்தால் அபராதமா பட்டம் நிறுத்தமா என்று பாருங்கள்.

இரண்டாவது, சின்னத் துறையில் மேல்நிலைப் பாடங்களை ஒன்றுவிட்ட வருஷத்தில்தான் நடத்துவார்கள். வருஷத்துக்கு 9 பட்டம் கொடுக்கும் துறையில் நிதி மேலாண்மைக்கு வருஷா வருஷம் வகுப்பு எடுக்க ஆள் சேராது. மூன்றாம் வருஷத்தில் அது நேரமோதலில் போனால், அடுத்து ஐந்தாம் வருஷத்தில்தான். ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் "இரண்டு ஆண்டுப் பாட சுழற்சி அட்டவணை" கேளுங்கள். அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் கல்லூரி மறுநாளே அனுப்பிவிடும்.

இனி பணம். 34,000-இல் 18,000 போனால் 16,000, நாலு வருஷத்துக்கு 64,000 என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். கடிதத்தில் ஸ்காலர்ஷிப் டாலரில் இருக்கிறதா, சதவீதத்திலா? டாலரில் என்றால் கட்டணம் ஏறினாலும் அது ஏறாது. கட்டணம் வருஷத்துக்கு 4% ஏறுவதாக வைத்தால் நாலாம் வருஷம் 38,245. நீங்கள் கட்டுவது 16,000-இல் தொடங்கி 20,245-இல் முடியும். நாலு வருஷத்துக்கு மொத்தம் சுமார் 72,400, நினைத்ததைவிட 8,400 கூட. விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு இதில் இல்லை.

ஸ்காலர்ஷிப் பொதுவாக 8 பருவத்துக்குத்தான் எழுதப்பட்டிருக்கும். ஐந்தாம் வருஷம் போனால் அந்த வருஷத்துக் கட்டணம் முழுசாக, ஏறக்குறைய 39,800. முதல் இரண்டரை வருஷத்துக்குக் கட்டியதுக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஒரே வருஷத்தில். ஜிபிஏ எவ்வளவுக்குக் கீழே போனால் ஸ்காலர்ஷிப் நிற்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். "நல்ல நிலையில் இருந்தால் தொடரும்" என்ற வரி போதாது. எண் வேண்டும்.

---

ஊதியப்பட்டியல் எழுதியது:

மகளுக்குச் சம்பளம் என்னவென்று தீர்மானிப்பது ஸ்கோர்கார்டு இல்லை, ஐ-20-இல் பாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆறு இலக்க சிஐபி (பாடப்பிரிவு) குறியீடு.

பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் பொதுப் பிரிவு 52.0201. இது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. முடித்தபின் அங்கே வேலை பார்க்கத் தரும் அனுமதி (ஓபிடி) 12 மாதம்தான். மேனேஜ்மென்ட் சயின்ஸ் 52.1301, கணினி சார்ந்த 11-இல் தொடங்கும் பிரிவுகளில் பெரும்பாலானவை பட்டியலில் உண்டு. அவற்றுக்கு மேலும் 24 மாதம், மொத்தம் 36. அந்த நீட்டிப்புக்கு வேலை தருபவர் இ-வெரிஃபையில் (பணித் தகுதியைச் சரிபார்க்கும் அரசு முறை) பதிந்தவராக இருக்க வேண்டும். சபைப் பள்ளி, சின்ன அறக்கட்டளை என்று பல்கலையின் தொடர்பில் கிடைக்கும் வேலைகளில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

12 மாதத்திலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. விண்ணப்பம் படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாளுக்குள். சின்னக் கல்லூரியில் இதற்குக் கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். வேறு நாலு வேலையும் அவர்தான் பார்ப்பார். மே மாதம் படிப்பு முடிகிறது என்றால் பிப்ரவரியிலேயே போய் நிற்க வேண்டும்.

அங்கே சம்பளம் வந்தால் ஒரு சின்ன அனுகூலம். எஃப்-1 மாணவருக்கு முதல் 5 காலண்டர் ஆண்டுக்கு சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி 7.65% பிடிக்கக் கூடாது. 41,000-க்கு அது 3,136 டாலர். ஆகஸ்டில் இறங்கினாலும் அந்த வருஷம் ஒன்றாக எண்ணப்படும். 2026 ஆகஸ்டில் போனால் 2030 டிசம்பரோடு சலுகை முடியும். பல சின்ன நிறுவனங்களுக்கு இது தெரியாமல் பிடித்துவிடுவார்கள். முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துச் சொன்னால் அவர்களே திருத்திவிடலாம், பின்னால் வரித்துறையிடம் திரும்பக் கேட்பது நீண்ட வேலை.

---

மூடுவிழா எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று. கல்லூரி நாலு வருஷம் இருக்குமா?

ஒரிகன் மாநிலம் போர்ட்லண்டில் இருந்த லுத்தரன் பல்கலை கன்கார்டியா 2020-இல் மூடியது. மெதடிஸ்ட் சபையோடு சேர்ந்த அயோவா வெஸ்லியன், 1842-இல் தொடங்கியது, 2023-இல் மூடியது. மூடினால் பட்டம் முடிப்போர் விகிதம் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எஃப்-1 பிள்ளை உடனே வேறு பல்கலைக்கு செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேடு) பதிவை மாற்றிக்கொண்டு ஓட வேண்டும், கிரெடிட்டில் கொஞ்சம் தொலையும்.

பார்க்க வேண்டியது: அமெரிக்கக் கல்வித் துறை தனியார் கல்லூரிகளுக்குத் தரும் நிதி மதிப்பெண். −1.0 முதல் 3.0 வரை. 1.5 அல்லது அதற்கு மேல் தேறியது, 1.0-க்குக் கீழே தேறவில்லை, இடையில் கண்காணிப்பு. ஒரு வருஷத்து மதிப்பெண் போதாது, இறங்கிக்கொண்டே வருகிறதா என்று மூன்று நாலு வருஷம் பாருங்கள். அங்கீகாரம் கொடுத்தது பிராந்திய அமைப்பா (ஹெச்எல்சி மாதிரி), சமயக் கல்லூரிகளுக்கான டிராக்ஸ் மாதிரி அமைப்பா என்பதையும் பாருங்கள். இரண்டும் அமெரிக்காவில் ஏற்கப்பட்டவைதான். ஆனால் கிரெடிட்டை மாற்றப் போகும்போது பல பல்கலைகள் முதலாவதைத்தான் எளிதாக எடுத்துக்கொள்ளும்.

2025 ஜூலையில் வந்த சட்டத்தில் ஒரு விதி: ஒரு பாடப்பிரிவில் இளநிலைப் பட்டம் முடித்தவர்களின் இடைநிலை ஊதியம், பள்ளிப் படிப்போடு நின்றவர்களின் ஊதியத்தைவிட 3 வருஷத்தில் 2 வருஷம் குறைந்தால், அந்தப் பிரிவுக்கு மத்திய அரசுக் கல்விக் கடன் நிற்கும். உங்கள் மகளுக்கு அந்தக் கடன் கிடையாதே என்று விட்டுவிட வேண்டாம். பக்கத்து நாற்காலிப் பிள்ளைகள் அந்தக் கடனில்தான் படிக்கிறார்கள்.

---

அரியர்_அட்டவணை எழுதியது:

கன்சல்டன்சிக்காரங்க காசு வாங்கறது யார்கிட்டன்னு கேட்டீங்களா? பல்கலையே சேர்க்கைக்குக் கமிஷன் கொடுத்தா, அங்கத்திய 41,000-ஐ அவங்க குறைச்சுச் சொல்ல மாட்டாங்க. ஜெமினி மேம்பாலம் பக்கத்துல அமெரிக்கக் கான்சுலேட்ல யூஎஸ்ஐஇஎஃப்போட (இந்திய-அமெரிக்கக் கல்வி அமைப்பு) எஜுகேஷன் யூஎஸ்ஏ ஆலோசனை மையம் இருக்கு. அவங்களுக்கு எந்தப் பல்கலையும் கமிஷன் கொடுக்கறதில்லை. அச்செடுத்த பேப்பரை அங்க எடுத்துட்டுப் போங்க.

---

தாம்பரம்_கிழக்கு எழுதியது:

ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு பாட சுழற்சி அட்டவணையும் ஸ்காலர்ஷிப்புக்கான ஜிபிஏ எண்ணும் கேட்டு எழுதியிருக்கிறேன். இங்கே பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் ஷிஃப்ட் 2 பி.காமுக்குத் தனிக் கணக்கு கேட்டால் திங்கள்கிழமை வரச் சொன்னார்கள். இதற்குள் ஐ-20 வாங்கினால் ஏதாவது பணம் போகுமா?

---

ஊதியப்பட்டியல் எழுதியது:

ஐ-20 வாங்குவதற்குப் பல இடங்களில் முன்பணம் கேட்பார்கள். திரும்பக் கிடைக்குமா என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அதன்பின் செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், இரண்டும் திரும்ப வராது. ஐ-20 வந்ததும் முதல் பக்கத்தில் 52.0201 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 52.1301-இல் சேர்க்க அந்தத் துறையில் வழியிருக்கிறதா என்று கேட்டுப் பதில் வரும்வரை 350-ஐக் கட்ட வேண்டாம்.